கடையில 4 சிஸ்டத்துக்கும் பிரவுசர் அப்டேட் பிரச்சனைய முடிச்ச கதை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில ஆன்லைன் சென்டர் வச்சு எனக்கு இது 9 ஆவது வருஷம். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அப்ளிகேஷன், பட்டா, சாதி சர்டிபிகேட், வருமான சர்டிபிகேட், ஸ்காலர்ஷிப், கல்ஃபுக்கு போறவங்களுக்கு டிக்கெட்டுன்னு காலையில ஒம்பதரைக்கு ஷட்டர தொறந்தா ராத்திரி எட்டர வரைக்கும் குரோம் பிரவுசர் ஓடிட்டே இருக்கும். அந்த குரோம் அப்டேட் ஆகுதான்னு நான் ஒரு நாளும் உக்காந்து பாத்ததில்ல, அது தன்னால ஆயிக்கிடும்னு நெனச்சிருந்தேன். அதுல பாதி தான் உண்மை. மீதி பாதிய தெரிஞ்சுக்கிட எனக்கு 4 நாள் ஆச்சு, நம்ம மாவட்டத்துல என்னைப் போல கடை வச்சிருக்கவங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

2025 ஜூலை முதல் வாரம். காலேஜ் அட்மிஷன் நேரம், வெளிய விடாத மழ, கடைக்குள்ள நிக்க எடமில்ல. கடையில நிக்கிற பொண்ணு ரெண்டு பிடிஎஃப ஒண்ணாக்க ஏதோ ஒரு சைட்ட தொறந்திருக்கா, ஸ்கிரீன் முழுக்க குரோம் லோகோ போட்டு உங்க பிரவுசர் பழசாயிட்டு, உடனே அப்டேட் பண்ணுங்கன்னு ஒரு பக்கம் வந்து நிக்குது. "அக்கா, அப்டேட் கேக்குது, போட்டுரட்டா"ன்னு அவ கேக்கும்போதே பட்டன அமுக்கியாச்சு, ஃபைலும் இறங்கியாச்சு. தொறக்கல, அது தான் நல்ல காலம். நான் போய் பாத்தா ஃபைல் பேருல அப்டேட்னு இருக்கு, ஆனா கடைசியில ஜேஎஸ்னு முடியுது, அதாவது தொறந்த உடனே ஓடுற ஒரு ஸ்கிரிப்ட். குரோம் அப்டேட் ஒரு நாளும் அப்படி ஒரு வெப் பக்கத்துக்குள்ள வந்து ஃபைல இறக்கச் சொல்லாது, அது பிரவுசருக்கு உள்ளயே தான் நடக்கும், இது எனக்கு அன்னைக்கு அரைகுறையா தான் தெரியும், ஆனா கை தன்னால போய் நெட் வயர புடுங்கிட்டு. ஃபைல அழிச்சு, ரீசைக்கிள் பின்னயும் காலி பண்ணி, ஆன்டிவைரஸ் ஃபுல் ஸ்கேன் போட்டேன். ஒண்ணும் சிக்கல.

ஆனாலும் எனக்க நெஞ்சு படபடப்பு அடங்கல. ஏன்னா பக்கத்து சேர்ல குறும்பனையில இருந்து வந்த ஒரு அம்மா இருந்தாவ, கடலுக்கு போற மகனுக்காக வந்தவிய, பணம் கட்டணும்னு ஏடிஎம் கார்டயும் பின் நம்பர் எழுதின துண்டு பேப்பரயும் சேர்த்து எனக்க கையில தந்துட்டு "மக்ளே, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும், நீ பாத்து போட்டா மதி"ன்னு சொல்லிட்டு முந்தானையால மொகத்த தொடச்சுட்டு இருக்காவ. அந்த ஃபைல நாங்க தொறந்திருந்தா போறது எனக்க பணம் இல்ல, அவிய பணம்.

அன்னைக்கு ராத்திரி வீட்ல உக்காந்து படிச்சேன். அந்த வாரம் தான் குரோம்ல ஒரு பெரிய செக்யூரிட்டி ஓட்டைய அடைச்சிருக்காங்க, இப்படி ஓட்டைகளுக்கு குடுக்குற அடையாள நம்பர்ல இது சிவிஇ-2025-6554. குரோமுக்குள்ள ஜாவாஸ்கிரிப்ட ஓட்டுற வி8 னு ஒரு எஞ்சின் இருக்கு, அதுல டைப் கன்ஃப்யூஷன்னு ஒரு தப்பு. நம்ம வேலையில வச்சு சொல்றேன், அப்ளிகேஷன்ல பின்கோடு கட்டத்துல பேர அடிச்சா சைட்டு ஏத்துக்கிடாது இல்லியா, எஞ்சினும் அப்படி தான் ஒவ்வொண்ணும் இன்ன வகைன்னு பாத்து தான் கையாளணும். இதுல அது ஒரு வகைய வேற வகைன்னு நம்பி ஏமாந்துடுது, ஏமாந்தா மெமரியில தனக்கு உரிமையில்லாத எடத்துல படிக்கவும் எழுதவும் வழி தொறந்துடும். அதுக்குன்னே செஞ்சு வச்ச ஒரு பக்கத்த நம்ம தொறந்தாலே போதும், எதையும் டவுன்லோட் பண்ண வேண்டாம். கூகுளுக்க சொந்த டீம்ல உள்ள ஆளு 2025 ஜூன் 25 ல கண்டுபிடிச்சு சொல்லியிருக்கார், ஜூன் 30 ல அப்டேட் வெளிய வந்தாச்சு, கூகுளே சொல்லுது இத வச்சு ஏற்கனவே ஆளுங்க தாக்கிட்டு இருக்காங்கன்னு.

2023 செப்டம்பர்ல அடைச்சது இதவிட என்னை பயமுறுத்திச்சு. அது வெப்பிங்கிற வகை படத்த தொறக்குற லிப்வெப்பின்னு ஒரு சின்ன புரோகிராம் லைப்ரரியில உள்ள ஓட்டை, ஒரு படம் போதும். குரோம் செப்டம்பர் 11 ல அடைச்சுது, ஃபயர்ஃபாக்ஸ் மறுநாள். நான் நாள் முழுக்க அடுத்தவங்க அனுப்புற ஃபோட்டோவ தொறந்து பாஸ்போர்ட் சைஸுக்கு வெட்டிட்டு இருக்கவ.

படிச்சதுல மனசுல ஆணி அடிச்ச மாதிரி நின்ன விஷயம் இது. குரோமுக்கு அடியில இருக்க குரோமியம் கோடு எல்லாரும் பாக்க தொறந்து தான் இருக்கு. ஓட்டைய அடைச்ச அன்னைக்கே எங்க ஓட்டை இருந்துச்சுன்னும் உலகத்துக்கு தெரிஞ்சுடும், பழைய கோடயும் புது கோடயும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா விஷயம் தெரிஞ்சவனுக்கு புரிஞ்சுடும். அப்போ அப்டேட் வந்த பிறகு அத போடாம இருக்க நாள் தான் ரொம்ப ஆபத்தான நாள். அதனால தான் 2023 ஆகஸ்ட்ல 116 ஆவது வெர்ஷன்ல இருந்து வாராவாரம் செக்யூரிட்டி அப்டேட் விடுறாங்க, அவங்க வாராவாரம் விட்டும் நம்ம கடையில அது ஏறலன்னா என்ன பிரயோஜனம்.

மறுநாள் அரை மணி நேரம் முந்தியே கடைக்கு போனேன். முதல் சிஸ்டம், விண்டோஸ் 10. மேல வலது பக்கம் மூணு புள்ளிய அமுக்கி, ஹெல்ப், அதுக்குள்ள அபவுட் கூகுள் குரோம். 137 னு காட்டுது, பக்கத்துல ரீலாஞ்ச் பட்டன். அப்டேட் இறங்கி எத்தனையோ நாளாச்சு, ஆனா அது உள்ள ஏறணும்னா பிரவுசர மொத்தமா மூடி தொறக்கணும். எங்க கடையில ராத்திரி சிஸ்டத்த ஸ்லீப்ல போட்டுட்டு போவோம், காலையில அதே டேப் அப்படியே இருக்கும், குரோம் மூடுறதே கெடயாது. மேல ஓரத்துல அந்த அறிவிப்பு இருந்துட்டு தான் இருந்திருக்கு, பச்சைன்னா அப்டேட் வந்து 2 நாளுக்குள்ள, ஆரஞ்சுன்னா 4 நாள் கிட்ட, செவப்புன்னா ஒரு வாரம் தாண்டியாச்சு. எங்களுக்கு செவப்பு தான் பழக்கமான கலர், அது குரோமுக்க கலர்னே பொண்ணு நெனச்சிருக்கா. ரீலாஞ்ச் குடுத்ததும் அரை நிமிஷத்துல 138.0.7204.97 ஆயிட்டு.

ஒரு விஷயம் பாத்துக்கிடுங்க, ரீலாஞ்ச் குடுத்தா டேப் எல்லாம் திரும்ப வரும், ஆனா பாதி ரொப்பின ஃபார்ம்ல உள்ளது போயிரும், இன்காக்னிட்டோ ஜன்னல் திரும்ப வராது. பேமென்ட் நடந்துட்டு இருக்கும்போது குடுத்துறாதீங்க.

ரெண்டாவது சிஸ்டம் தான் என்னை படுத்தி எடுத்துட்டு. அதுவும் விண்டோஸ் 10 தான், ஆனா அபவுட் பக்கத்துல அப்டேட் பாக்கவே முடியலன்னு எரர். ரெண்டு மூணு தடவ அமுக்கியும் அதே தான். சர்வீஸ் பாக்குற தம்பிக்கு போன் போட்டேன், "அக்கா, முன்ன நெட் பேக் சீக்கிரம் தீருதுன்னு நீங்க சொன்னீங்க இல்லியா, அப்போ அப்டேட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி விட்டேன்"ன்னு சொன்னான். அவன் மேல தப்பில்ல, சொன்னது நான் தான், ஃபைபர் வந்த பிறகும் அத திரும்ப ஆன் பண்ணச் சொல்ல எனக்கும் தோணல. சர்வீசஸ் லிஸ்ட்ட தொறந்தா கூகுள் அப்டேட்னு பேரு ஆரம்பிக்கிறது எல்லாம் டிஸேபிள்ல கெடக்கு. ஒவ்வொண்ணா ஆட்டோமேட்டிக் ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணேன். மறுபடியும் எரர்.

ஒரு சாயா குடிச்சுட்டு வந்து பாக்கும்போது தான் கீழ மூலையில கண்ணு போச்சு, தேதி 2018 ஜனவரி 1. அந்த ஒரு சிஸ்டத்த மட்டும் ஸ்லீப்ல போடாம மெயின ஆஃப் பண்ணிட்டு போவோம், போனா அது தேதி மறந்துடும், பொண்ணு தெனமும் காலையில கையால மாத்தி வைப்பா, அது எங்களுக்கு விளக்கு ஏத்துற மாதிரி ஒரு வழக்கமாவே ஆயிட்டு. தேதி தப்பா இருந்தா, ஒரு சைட்டு உண்மையானது தான்னு காட்டுற டிஜிட்டல் சர்டிபிகேட் செல்லுபடியாகாதுன்னு சிஸ்டம் நெனச்சுக்கிடும், அப்டேட் சர்வரோட பேசவே செய்யாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாட்ச் கடையில சிஆர்2032 பேட்டரி வாங்கிட்டு வந்து, கேபினட்ட கழத்தி, மதர்போர்ட்ல நாணயம் மாதிரி இருக்க பழைய பேட்டரிய நகத்தால நெம்பி எடுத்தேன். உள்ள தூசியும் ஒரு பல்லி முட்டையும். புதுச மாட்டி தேதி சரி பண்ணி அபவுட் பக்கத்த தொறந்தா சக்கரம் சுத்தி சதவீதம் ஏற ஆரம்பிச்சுட்டு, எனக்கு வந்த சந்தோசத்த சொல்ல முடியாது. இத்தன நாள் ஆஃப்ல கெடந்த சர்வீஸ் ஒரு தடைன்னா, அன்னைக்கு காலையில அந்த ஒரு சின்ன பேட்டரி இன்னொரு தடையா இருந்திருக்கு. விண்டோஸோட வர்ற எட்ஜ் பிரவுசரயும் அப்போவே பாத்தேன், அதுவும் அதே குரோமியம் தான், குரோம அப்டேட் பண்ணினா எட்ஜ் சேர்ந்து ஆகாது, தனியா பண்ணணும்.

மூணாவதும் நாலாவதும் விண்டோஸ் 7. இங்க அப்டேட் பண்ணவே வழியில்ல. விண்டோஸ் 7 க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 ஓட நிறுத்தியாச்சு, குரோமும் 109 ஓட நிறுத்தியாச்சு, 2023 பிப்ரவரியில வந்த 110 க்கு விண்டோஸ் 10 வேணும். அத சொல்லி மேல ஒரு பட்டை வரும், நாங்க தெனமும் அத பெருக்கல் குறி அமுக்கி மூடிட்டு வேலைய பாத்திருக்கோம். 2024 லயும் 2025 லயும் ஓட்டைகள அடைச்ச அப்டேட் ஒண்ணும் இந்த 109 க்கு வந்து சேராது, அதுல தான் நாங்க ஜனங்களுக்க ஆதார் நம்பர அடிச்சுட்டு இருந்தோம். இத எழுதும்போதும் எனக்கு வருத்தமா இருக்கு.

உடனடியா மூணாவதுல ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் (ரொம்ப நாள் சப்போர்ட் உள்ள வெர்ஷன்) போட்டேன், 2025 ஜூலையில பழைய விண்டோஸுக்கு மொசில்லா செக்யூரிட்டி அப்டேட் குடுத்துட்டு இருந்த வெர்ஷன் அது தான், 2024 அக்டோபர்ல ஃபயர்ஃபாக்ஸ்ல ஒரு மோசமான ஓட்டை வந்தப்போ இந்த 115 க்கும் சேர்த்து தான் அடைச்சாங்க. ஆனா பிரவுசர் மட்டும் புதுசா இருந்து அடியில விண்டோஸ் பழசா இருந்தா அது கதவுக்கு புது பூட்டு போட்டு கூரையில ஒடஞ்ச ஓடுகள மாத்தாம விட்ட கணக்கு தான். விண்டோஸ் 11 போடலாம்னா அது டிபிஎம் 2.0 ன்னு ஒரு செக்யூரிட்டி சிப் கேக்குது, இன்டெல் பிராசசர்ல 8 ஆவது தலைமுறைக்கு கீழ பெரும்பாலும் எடுக்காது, என்கிட்ட இருக்கது ரெண்டாவது தலைமுறை ஐ3. விண்டோஸ் 10 க்கும் 2025 அக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிய இருந்துச்சு. அதனால சனிக்கிழம ராத்திரி கடை அடைச்ச பிறகு மூணாவதுல எஸ்எஸ்டின்னு ஒரு வேகமான டிஸ்க் மாட்டி, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட்னு இலவச சிஸ்டம் போட்டோம், சர்வீஸ் தம்பியும் வந்தான். பாதியில கரண்டு போச்சு, யுபிஎஸ் கூவுது, ரெண்டு பேரும் மூச்ச புடிச்சுட்டு இருந்தோம், நல்ல காலம் பேட்டரி தீருறதுக்கு முந்தி கரண்டு வந்துட்டு. அதுல ஃபயர்ஃபாக்ஸ் அப்டேட்டும் சிஸ்டம் அப்டேட்டும் ஒரே எடத்துல வருது. தமிழ்99 டைப்பிங்கும் செட் பண்ணியாச்சு. கைரேகை மெஷின் மட்டும் அதுல எடுக்கல, அந்த வேலைய ரெண்டாவது சிஸ்டத்துக்கு மாத்தியாச்சு.

நாலாவதுல கார்டு பிரிண்டர் இருக்கு, அதோட டிரைவர் விண்டோஸ் 7 ல தான் எடுக்கும், புது பிரிண்டர் வாங்க இப்போ வசதி இல்ல. நெட் வயர கழத்தி சுருட்டி மேல கட்டி வச்சாச்சு. வைஃபை அடாப்டரயும் ஊரியாச்சு. அச்சடிக்க வேண்டிய ஃபைல் மட்டும் மின்ட் சிஸ்டத்துல இருந்து பென்டிரைவ்ல போகும், அந்த பென்டிரைவ வேற எதுலயும் சொருகக் கூடாதுன்னு செவப்பு நூல் கட்டி வச்சிருக்கேன்.

அதோட குரோம்ல சேவ் ஆயி கெடந்த பாஸ்வேர்ட எல்லாம் எடுத்து பாத்தேன், வந்து போன ஜனங்களுக்க லாகின் பக்கம் பக்கமா இருந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சு, சேவ் பண்ணட்டான்னு கேக்குறதயே நிறுத்தியாச்சு. வீட்டுக்கு போய் அம்மாக்க போன்லயும் பிளே ஸ்டோர்ல குரோமயும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவயும் அப்டேட் குடுத்தேன், ஆப்புக்குள்ள தொறக்குற வெப் பக்கம் எல்லாம் அந்த வெப்வியூ வழியா தான் ஓடுது.

இப்போ புதன்கிழம தோறும் காலையில, முதல் ஆளு உள்ள வரும் முந்தி, நெட் உள்ள ஒவ்வொரு சிஸ்டத்துலயும் அபவுட் பக்கத்த தொறந்து வெர்ஷன் நம்பர ஒரு 40 பக்க நோட்டுல எழுதுறோம். குரோமும் மைக்ரோசாஃப்டும் அப்டேட் விடுறது அமெரிக்காவுல பெரும்பாலும் செவ்வாக்கிழம, நமக்கு அது விடியும்போது புதன். ராத்திரி ஸ்லீப் கெடயாது, எல்லாம் மூடி ஷட்டவுன் தான். ஸ்லீப்ல போடாட்டா காலையில 10 நிமிஷம் போகும்னு பொண்ணு முதல்ல முணுமுணுத்தா. போன வாரம் நான் பேங்குக்கு போயிட்டு திரும்பி வந்தா வரிசையில 4 பேரு நிக்காவ, அவ ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு இருக்கா, "அண்ணே 2 நிமிஷம் இரிங்க, ஆரஞ்சு வந்திருக்கு, மூடி தொறந்துட்டு உங்களுக்க நம்பர அடிக்கேன்."