பயங்கரவாதத் தாக்குதலும் என் பயணக் காப்பீட்டுக் கோரிக்கையும்

2016 மார்ச் 22 காலையில் பிரஸ்ஸல்ஸின் சாவென்டெம் விமான நிலையத்திலும், மால்பேக் நிலையத்தை ஒட்டி மெட்ரோ ரயிலிலும் குண்டுகள் வெடித்தபோது நான் அந்த நகரில்தான் இருந்தேன். மறுநாள் அதே விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்ப வேண்டியிருந்தது. 32 பேர் உயிரிழந்த நிலையில் பயணச்சீட்டைப் பற்றி நினைப்பதற்கே மனம் கூசியது. ஆயினும் நிலையம் மூடப்பட்டுவிட்டது. ஏப்ரல் 3 அன்றுதான் பயணிகள் விமானங்கள், அதுவும் மிகச் சில, அங்கிருந்து மீண்டும் புறப்பட்டன.

பாலிசியில் இருந்த அவசர உதவி எண்ணுக்கு அன்றே பேசி, பதிவு எண்ணை வாங்கிக்கொண்டேன். விமான நிறுவனம் நான்கு நாள் கழித்து அண்டை நாட்டு நிலையம் ஒன்றிலிருந்து இடம் தந்தது. அதுவரையிலான அறை வாடகை, உணவு, ரயில் கட்டணம் ஆகிய எல்லாவற்றுக்கும் ரசீதுகளைச் சேர்த்து வைத்தேன். விமானம் ரத்தான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கியது பின்னாளில் மிகவும் பயன்பட்டது.

ஊர் திரும்பிக் கோரிக்கை அனுப்பியதும், பயங்கரவாதச் செயலால் எழும் இழப்புகளுக்குப் பாலிசியில் விலக்கு உண்டு என்று ஒற்றை வரியில் மறுப்புக் கடிதம் வந்தது. அதன் பிறகுதான் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தேன். புறப்படும் முன்பே பயணத்தை ரத்து செய்வது பற்றிய பிரிவில் மட்டுமே அந்த விலக்கு இருந்தது; பயணத்தின் நடுவே ஏற்படும் தடங்கலுக்கான பிரிவிலோ, ஏற்கப்படும் காரணங்களுள் ஒன்றாகப் பயங்கரவாதச் செயலே எழுதப்பட்டிருந்தது. நான் படிவத்தில் 'பயணம் ரத்தானது' என்று எழுதியிருந்ததால் கோரிக்கை தவறான பிரிவின்கீழ் பார்க்கப்பட்டிருக்கிறது. ரத்தானது விமானம்தான், தொடங்கிவிட்ட என் பயணம் அல்ல என்று விளக்கி, உரிய பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்தேன்.

அடுத்து அவர்கள் எழுப்பிய கேள்வி இன்னும் கடினமானது. 2015 நவம்பரில், பாரீஸ் தாக்குதல்களுக்குப் பிறகு, பிரஸ்ஸல்ஸில் அச்சுறுத்தல் நிலை மிக உயர்ந்த 4-க்குச் சில நாள் உயர்த்தப்பட்டிருந்தது; அப்படியிருக்க, ஜனவரியில் பாலிசி எடுத்த எனக்கு இது முன்னரே அறியப்பட்ட ஆபத்து ஆகாதா என்று கேட்டார்கள். நவம்பர் 26 அன்றே அந்த நிலை 3-க்கு இறக்கப்பட்டதையும், பொதுவான எச்சரிக்கை வேறு, நிகழ்ந்துவிட்ட குறிப்பிட்ட சம்பவம் வேறு என்பதையும் எழுதினேன். தாக்குதலுக்கு மறுநாள் பாலிசி எடுத்தவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். எனக்குப் பொருந்தாது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

தங்குமிடச் செலவையும் உணவுச் செலவையும் அவர்கள் ஏற்கவில்லை, அது சரிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறைப்படி, இத்தகைய அசாதாரணச் சூழலில் நிலையான இழப்பீட்டுத் தொகை கிடைக்காவிட்டாலும், மாற்று விமானம் கிடைக்கும்வரை தங்குமிடமும் உணவும் தரும் கடமை விமான நிறுவனத்துக்கு உண்டு. ரசீதுகளை அனுப்பியபின் அந்தத் தொகை விமான நிறுவனத்திடமிருந்தே வந்தது.

ஏப்ரல் இறுதியில் அதே நகருக்குப் பயணம் வைத்திருந்த நண்பர், அச்சத்தால் அதைக் கைவிட்டார். அவருடைய விமானம் ரத்தாகவில்லை என்பதால் காப்பீட்டிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் சாதாரணப் பாலிசிகள் அதை ஒரு காரணமாக ஏற்பதில்லை. எக்காரணத்துக்காகவும் ரத்து செய்ய இடமளிக்கும் கூடுதல் காப்பு சில இடங்களில் விற்கப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் செலவில் 50 முதல் 75 விழுக்காடு வரைதான் தரும். முன்பதிவுக்கு முதல் பணம் கட்டிய சில வாரங்களுக்குள் அதை வாங்கியிருக்கவும் வேண்டும்.

என் ரயில் கட்டணம், நானே ஏற்க வேண்டிய தொகை கழிக்கப்பட்டு, மூன்றாம் மாதத்தில் கணக்கில் வந்து சேர்ந்தது. உடன் வந்த கடிதத்தில், நான் சுட்டிக்காட்டிய பிரிவின் எண்ணையே ஒப்புதலுக்கான காரணமாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.