தொப்பூர் இறக்கத்தில் மாமாவோடு

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு வரும்போது தர்மபுரியைத் தாண்டி, பாளையம் சுங்கச்சாவடியில் பணம் கட்டிவிட்டு வெளியே வந்தால் தொப்பூர் கணவாய் ஆரம்பம். ஏற்காடு மலைப் பாதைபோல இங்கே கொண்டை ஊசி வளைவுகள் கிடையாது. அகலமான நான்கு வழிச் சாலை, நடுவில் தடுப்பு, இரண்டு பக்கமும் காட்டு மரங்கள். சாவடியில் நின்று கிளம்பிய வண்டி தன்னாலே வேகம் எடுக்கும். இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே காரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பார்வைக்கு மலைப்பாதையாக இருந்திருந்தால் பாதிப் பேராவது பயந்து மெதுவாக வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்த முறை என்னோடு மாமாவும் வந்தார். சங்ககிரிக்காரர், வாழ்நாளில் பெரும்பகுதி லாரி ஓட்டியவர். முழங்கால் வலி வந்த பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டார். சுங்கச்சாவடியின் கம்பு மேலே எழுந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“மாப்ள, இப்பவே மூணாவது கியருக்கு வந்துரு. பிரேக்ல காலை வெச்சுக்கிட்டே இறங்காத. வண்டியை எஞ்சின் பிடிக்கட்டும்.”

எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பதுதான் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமாம். தொப்பூரில் நடப்பது அதற்கு நேர்மாறு. நாள் முழுக்க ஓட்டிக் களைத்தவர்கள், டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று நியூட்ரலில் விட்டுவிடுகிறார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவதும் உண்டு. நியூட்ரலில் விட்டால் வண்டியை எஞ்சின் இழுத்துப் பிடிக்காது, அத்தனை எடையையும் பிரேக் மட்டும் சுமக்க வேண்டும். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மும் அதை அழுத்திப் பிடிக்கும் லைனரும் உரசி உரசிச் சூடாகும். ஓர் அளவுக்கு மேல் சூடேறிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு இருக்காது. எஞ்சினை அணைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். லாரியில் பிரேக்குக்கு வேண்டிய காற்றை அடிப்பது எஞ்சினோடு ஓடும் கம்ப்ரசர்தான். அது நின்றுபோனால் ஒவ்வொரு மிதிக்கும் டாங்கில் காற்று குறைந்துகொண்டே போகும். ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

“பிரேக் போச்சுன்னு சொல்றாங்களே, அது தானாப் போறதில்ல. இவங்களே காய வெச்சு அனுப்பறாங்க,” என்றார் மாமா. சொல்லும்போது அவர் முகத்தில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. அவரோடு ஓட்டியவர்களில் இந்த இறக்கத்தில் போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

சுமையும் கூடிவிட்டது. பத்துச் சக்கர லாரி சரக்கோடு சேர்த்து 25 டன் இருக்கலாம் என்பதுதான் முன்பு சட்டம். 2018-ல் மத்திய அரசு அதை 28.5 டன் ஆக்கியது. நான்கு வழிச் சாலை போடப்பட்டது அதற்கு முன்பே. சாலை அதேதான், சரிவும் அதேதான். ஆனால் ஒவ்வொரு லாரியும் கூடுதலாக மூன்றரை டன்னோடு சட்டப்படியே இறங்கலாம்.

இந்தக் கணவாயில் அடிக்கடி விபத்து நடக்கும் கட்டமேடும் இரட்டைப் பாலமும் செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். 2020 டிசம்பரில், முன்பே நடந்த ஒரு விபத்தால் நெரிசலில் நின்றிருந்த கார்கள் மேல் ஒரு லாரி வந்து மோதியது. நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில், இறக்கத்தில் வந்த லாரி முன்னால் போன லாரியில் மோதி, கார்கள் இடையில் நசுங்கி, ஒரு லாரி பாலத்திலிருந்தே கீழே விழுந்தது. அதிலும் நான்கு உயிர்கள். அந்தக் கேமரா காட்சியை நாட்டில் பாதிப் பேர் செல்போனில் பார்த்திருப்பார்கள். முதல் விபத்தில் செத்தவர்கள் வேகமாகப் போகவில்லை, வரிசையில் நின்றிருந்தார்கள். இன்றைக்குச் சாலைப் பணி நடக்கும் இடத்தைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்குவது அதனால்தான்.

பணி என்றால் சின்னப் பணி இல்லை. கணவாயில் 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை, 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. சரிவைக் குறைத்து, வளைவுகளை நேராக்கி, பள்ளத்தின் மேல் தூண் நிறுத்திச் சாலையைக் கொண்டுபோகிறார்கள். தர்மபுரி, சேலம் மாவட்டத்து மக்கள் பல வருடங்களாகக் கேட்டுவந்தது இது. மனதார வரவேற்கிறேன். ஓட்டுநரைத் திருத்துவதை விடச் சாலையைத் திருத்துவதுதான் நிலைக்கும். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தப்புச் செய்தாலும் நாலு பேரைச் சாகவிடாத சாலைதான் நல்ல சாலை.

ஆனால் அது முடியும்வரை எல்லா வண்டியும் இந்தப் பழைய இறக்கத்தில்தானே வந்தாக வேண்டும்? இப்போது அதே இறக்கத்தில் தடுப்புகள், மாற்றுப்பாதை, மண் லாரிகள், புழுதி. நாங்கள் வந்தபோது ஓரிடத்தில் இரண்டு தடம் ஒன்றாகக் குறுகியது. அதைச் சொல்லும் பலகை, குறுகுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நின்றது. அதிலும் பாதியைப் புழுதி மூடியிருந்தது. முன்னால் போன பேருந்து சட்டென்று வேகம் குறைக்க, நானும் குறைத்தேன். மாமா திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஒரு டேங்கர். அது கியரில்தான் வந்துகொண்டிருந்தது, எஞ்சின் உறுமல் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் மாமா முன்பக்கம் திரும்பினார்.

தொப்பூரில் மேட்டூர், மேச்சேரிக்குப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். பால் வண்டி ஓட்டுபவர் ஒருவர் பக்கத்து பெஞ்சில் இருந்தார். தினமும் அதிகாலையில் இந்த வழிதான் அவருக்கு.

“வெளியூர்க்காரங்க ஒரு தடவை போயிடுவாங்க சார். நாங்க தினம் போகணும். இன்னைக்கு வலது பக்கம் விட்டிருப்பான், நாளைக்கு இடது பக்கம். விடியக்காலம் நாலு மணிக்கு வந்து பார்த்தாத்தான் தெரியும்.”

உள்ளூர்க்காரர்களின் பாட்டைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. மோட்டார் பைக்கில் பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடுபவர், டிராக்டரில் தீவனம் ஏற்றி வருபவர், மேச்சேரி சந்தைக்குக் கிளம்பும் மினி டெம்போ, இவர்களுக்கெல்லாம் வேறு வழியில்லை. திரும்பும் இடம் மூடிவிட்டால் சுற்றிப் போக வேண்டும், அல்லது எதிர்த் திசையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே நுழைய வேண்டும். எதிர்த் திசையில் வருவது தப்புதான். ஆனால் அந்தத் தப்பைத் தேவையாக்கிவிட்டு அப்புறம் அபராதம் போடுவது நியாயம் ஆகாது. வேலை நடக்கும் காலம் வரையாவது உள்ளூர் வண்டிகளுக்கென்று தனியாக ஒரு சர்வீஸ் பாதையைச் சீராக வைத்துத் தர வேண்டும்.

மாமாவிடம், “உங்க கையில கொடுத்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “டோல்கேட் தாண்டுனதும் எல்லா லாரியையும் ஓரங்கட்டி நிப்பாட்டுவேன். பத்து நிமிஷம். டிரைவர் கீழ இறங்கி, மூஞ்சி கழுவி, டயரைத் தட்டிப் பார்த்து, காத்து மீட்டரைப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எச்சரிக்கைப் பலகையும், பல மொழிகளில் பேசும் ஒலிபெருக்கியும் வேண்டியவைதான். ஆனால் ஓடும் வண்டிக்குள் அவை எவ்வளவு எட்டும்? புனேயில் காத்ரஜ் சுரங்கத்திலிருந்து நவலே பாலத்துக்கு இறங்கும் சாலையும் இதே மாதிரிதான். 2022 நவம்பரில் அங்கே ஒரே லாரி நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளை இடித்துக்கொண்டு போனது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியதுதான் காரணம் என்று காவல்துறை அப்போது சொன்னது. அந்தச் சாலையிலும் பலகைகள் இருந்தன.

இந்தப் பக்கம் வரப்போகிறவர்களுக்கு: சுங்கச்சாவடியிலேயே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்தில் வரிசை நின்றிருந்தால், தூரத்திலேயே நான்கு இண்டிகேட்டரையும் போட்டு மெதுவாக வந்து, முன்னால் இருக்கும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு நில்லுங்கள். லாரிகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொள்ள வேண்டாம். குடும்பத்தோடு வருபவர்கள் இந்த ஆறேழு கிலோமீட்டரைப் பகல் வெளிச்சத்தில் கடக்கிற மாதிரி கிளம்பினால் நல்லது. இரவில் மாற்றுப்பாதைத் திருப்பங்கள் கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகின்றன.