ஆய்த எழுத்து: மூன்று புள்ளிக்கு நடுவே எவ்வளவு இடம்?

நான் வரையும் தமிழ் எழுத்துருவின் சாதா எடையில் (வழக்கமான கோட்டுத் தடிமனில்) ‘ஃ’ ஒருவழியாகச் சரியாக உட்கார்ந்துவிட்டது. தடித்த எடை இன்னும் முரண்டு பிடிக்கிறது. எழுத்துருவின் சதுரம் (எழுத்துகளை வரையும் அளவுக் கட்டம்) 1000 அலகு, ப-வின் உயரம் 560, கோட்டுத் தடிமன் 80, மெய்ப்புள்ளியின் விட்டம் 116. மற்ற எழுத்துகளுக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டதால் இது முழுக்க ஃ பற்றித்தான்.

முதலில் புள்ளி அளவு. மெய்ப்புள்ளியை அப்படியே எடுத்து மூன்றாக வைக்கத்தான் கை போகும். வைத்தால் வரியில் அந்த இடம் ஓட்டை விழுந்த மாதிரி வெளுத்துத் தெரிகிறது. க் என்பதில் புள்ளிக்குக் கீழே க தாங்கி நிற்கிறது. ஃ-க்கு அந்தத் துணை கிடையாது, ஓர் எழுத்தின் கருமையை மூன்று புள்ளிகளே சுமக்க வேண்டும். 160-க்கு ஏற்றினால் பட்டியல் குறி போல முரட்டுத்தனமாகிறது. 140-இல் நின்றது. அதாவது கோட்டுத் தடிமனைப் போல 1.75 மடங்கு. மெய்ப்புள்ளியைக் கூறாக (மூலத்தை மாற்றினால் தானும் மாறும் நகலாக) செருகாமல் ஆய்தத்துக்கெனத் தனிப் புள்ளி வரைந்து, அதை மூன்று இடத்தில் கூறாக வைப்பதே நல்லது. பின்னால் மெய்ப்புள்ளியை மாற்றும்போது ஆய்தம் கெடாது. ஆரம் 70 என்றால் வளைவின் கைப்பிடி (வளைவை இழுத்து வடிவம் கொடுக்கும் கோடு) 39 (ஆரம் × 0.5523).

இனி இடைவெளி. இங்கேதான் நேரம் முழுக்கப் போகிறது.

தொல்காப்பியம் ‘ஆய்தம் என்ற முப்பாற்புள்ளி’ என்று பெயர் வைக்கிறது. உரை எழுதிய நச்சினார்க்கினியர் அதன் வடிவத்தை அடுப்புக்கூட்டுப் போல என்கிறார். மூன்று அடுப்புக்கல்லும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால்தான் பானை உட்காரும். எழுத்துருவிலும் இதே கணக்கு: கீழ்ப்புள்ளிகளுக்கு இடையே உள்ள வெற்றிடமும், மேல்புள்ளிக்குச் சாய்வாகப் போகும் வெற்றிடமும் ஏறக்குறைய ஒத்துப்போனால்தான் கண் அதை ஒரே எழுத்தாகப் படிக்கிறது.

கீழ்ப்புள்ளிகளின் மையங்களுக்கு இடையே 270 வைத்தால் நடுவெற்றிடம் 130. சரியான சமபக்க முக்கோணத்துக்கு மேல்மையம் கீழ்மையங்களிலிருந்து 234 உயரத்தில் வர வேண்டும். கணக்குக்கு அழகு, ஆனால் 560 உயர எழுத்துகளுக்கு நடுவில் ஆய்தம் குந்திக்கொண்டிருக்கிறது. எதிர்க்கோடியாக, ப-வின் முழு உயரத்துக்கும் நீட்டினால் மேல்மையம் 420-க்குப் போகும். சாய்வு வெற்றிடம் 301 ஆகிவிடும். அப்போது மேல்புள்ளி கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ‘எஃகு’ என்பதில் பக்கத்து எழுத்தின் மெய்ப்புள்ளி நழுவி விழுந்தது போலத் தெரிகிறது. பல எழுத்துருக்களில் காணும் கோளாறு இதுதான். 260-இல் சாய்வு வெற்றிடம் 153. சமபக்கத்தைவிடக் கொஞ்சம் நெட்டை, ஆனால் கூட்டம் கலையவில்லை.

மொத்த உயரம் 400. அடிக்கோட்டில் உட்கார வைக்கக் கூடாது. கீழே இரண்டு புள்ளி இருப்பதால் பாரம் ஏற்கெனவே கீழேதான், இன்னும் இறக்கினால் மூழ்கிவிடும். கீழ்விளிம்பு 70, மேல்விளிம்பு 470. மையங்கள்: (125, 140), (395, 140), (260, 400). பக்க ஓரம் (இருபுறமும் விடும் வெற்றிடம்) 55, மொத்த அகலம் 520.

பள்ளிக் கணக்குப் புத்தகம் அச்சிட நினைப்பவர்கள் ‘ஆகவே’ குறியையும் (∴) இதே எழுத்துருவில் வரைவார்கள். அதற்கு ஆய்தத்தின் நகலைப் போடாதீர்கள். புள்ளி 100, நெருக்கமான சமபக்க முக்கோணம் என்று வைத்தால் இரண்டும் குழம்பாது.

கெர்னிங்குக்கு (குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக் குறைப்பதற்கு) இலக்கணமே பட்டியல் போட்டுத் தருகிறது. தனிக்குறிலுக்குப் பின்னும், உயிரேறிய வல்லினத்துக்கு முன்னும்தான் ஆய்தம் வரும் என்பது தொல்காப்பிய விதி. ஆகவே வலப்பக்கம் க, ச, ட, த, ப, ற வரிசைகள் போதும். சோதனைச் சொற்கள்: அஃது, எஃகு, கஃசு, அஃறிணை, பஃறுளி, வெஃகாமை, முஃடீது. அஃறிணை (அல் + திணை), முஃடீது (முள் + தீது) போன்ற புணர்ச்சிச் சொற்களை விட்டுவிட்டால் ற, ட இணைகளைச் சோதிக்கவே முடியாது.

ஒரு பொறி இருக்கிறது. ஃ–த இணைக்கு -25 கொடுத்துவிட்டு ‘அஃதே’ என்று அடித்தால் ஒன்றும் நகராது. ஏகாரக் கொம்பு சேமிப்பில் த-வுக்குப் பின்னால் இருந்தாலும், வடிவமைப்பு இயந்திரம் (எழுத்துகளைத் திரையில் அடுக்கும் மென்பொருள்) அதை முன்னால் கொண்டுவந்த பிறகுதான் கெர்னிங் நடக்கிறது. ஃ-க்கு அடுத்து நிற்பது கொம்பு, த அல்ல. எனவே வலப்பக்க வகுப்பில் (ஒரே கெர்னிங் விதி பெறும் எழுத்துக் குழுவில்) ெ, ே, ை மூன்றையும் தனியாகச் சேர்க்க வேண்டும். இடப்பக்கத்திலும் அதே கதை: வெஃகாமையில் ஃ-க்கு முன்னால் நிற்பது வ-தான்.

இப்போதைய அளவுகள்: அ–ஃ -15, எ–ஃ -10, ஃ–த -25, ஃ–ற -25, ஃ–ப -20, கொம்புகளுக்கு 0. முக்கோணத்தின் இரு தோள்களிலும் வெற்றிடம் இருப்பதால் பெரும்பாலும் உள்ளே இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது. எழுத்துருவில் இடைவெளி விதிகளை வைக்க ‘கெர்ன்’, ‘டிஸ்ட்’ என்று இரண்டு அம்சங்கள் உண்டு. இவற்றைக் ‘கெர்ன்’ அம்சத்தில் போடாமல் ‘டிஸ்ட்’ அம்சத்தில் போட்டது நல்ல முடிவு. சில செயலிகளில் கெர்னிங் இயல்பாக அணைந்திருக்கும், டிஸ்ட் எப்போதும் இயங்கும்.

யூனிகோடில் இந்த எழுத்தின் பெயர் இன்றும் ‘தமிழ் விசர்கக் குறி’ என்றுதான் இருக்கிறது (விசர்கம் என்பது வடமொழியில் எழுத்தை ஒட்டி வரும் இருபுள்ளிக் குறி). வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. இயல்பு மட்டும் ‘எழுத்து’ என்று சரியாகப் பதிவாகியுள்ளது. பெயரைப் பார்த்து எழுத்துருவில் ஒட்டுக்குறி வகுப்பில் போட்டுவிட்டால், ஒட்டுக்குறிகளைத் தவிர்க்கும் விதிகள் எல்லாம் ஆய்தத்தைத் தாண்டிக் குதிக்கும். கெர்னிங் ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடிப்படை எழுத்து வகுப்பு என்று கையால் குறித்துவிடுங்கள்.

குறியீட்டு வரிசையில் ஃ, அ-வுக்கும் முன்னால் நிற்கிறது. வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் ‘ஃபாரன்ஹீட்’ அகராதியின் முதல் சொல்லாகிவிடும். அகரவரிசையில் அதன் இடம் ஔ-வுக்குப் பின், க-வுக்கு முன்.

பிறமொழி ஒலிக்கு எழுதும் ஃப-வில் இன்னொரு சிக்கல். ஃ-உம் ப-வும் கணினிக்கு இரண்டு தனி எழுத்துகள். தலைப்பில் எழுத்திடைவெளி கூட்டினால் ஃ விலகிப் போகும். பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் அமைப்பில் ஃ மட்டும் பெரிதாகும், ப சின்னதாகவே நிற்கும். எழுத்துருவால் இதற்குப் பரிகாரம் இல்லை, பக்கம் கட்டுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லின் முதலில் ஃ வருவதும் இந்தப் பயன்பாட்டில்தான், அதனால் இடது ஓரம் 55-க்குக் கீழே இறங்கக் கூடாது.

தடித்த எடைக்கு வருவோம். கோடு 140, ஆய்தப் புள்ளி 200. இங்கே 1.75 மடங்கு கணக்கு செல்லாது: 245 வரும், மூன்றும் அப்பிக்கொள்ளும். 200-க்கும் மையத் தூரம் 270-ஆகவே இருந்தால் வெற்றிடம் 70. திரையில் 14 பிக்சல் அளவில் அது ஒரு பிக்சலுக்கும் கொஞ்சம் குறைவு, கீழ் இரண்டும் ஒட்டிக் கோடாகிவிடும். 310-க்கு விரித்து, உயரத்தை 280 ஆக்கினால் வெற்றிடம் 110, சாய்வில் 120. 14 பிக்சலில் 1.5 பிக்சல் கிடைக்கிறது, பிரிந்து தெரிகிறது. ஓரம் 55 என்றே வைத்தால் அகலம் 620. 12 பிக்சலில் 1.3-தான், சாம்பல் மூட்டமாகவே இருக்கிறது. அச்சில் இந்தப் பிரச்சினையே இல்லை: அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியுள்ள லேசர் அச்சில் 9 பாயின்ட் என்றால் சதுரம் 75 பிக்சல், அந்த வெற்றிடத்துக்கு 8 பிக்சல் இருக்கிறது.

புள்ளியை 185-க்குக் குறைத்துப் பார்க்கலாம், ஆனால் பக்கத்து எழுத்துகளின் கருமைக்கு ஈடு கொடுக்குமா என்பது வரி வரியாக அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்பே மெய்ப்புள்ளியை வளையமாக வரையும் மாற்று வடிவத்துக்குக் கை அரிக்கிறது. புள்ளி வளையமானால் ஆய்தமும் மூன்று வளையம் ஆக வேண்டும், உள்துளை 60-க்குக் குறையாமல்.