சார் வரைஞ்ச சவ்வு

நம்ம மெடிக்கல் காலேஜ் அனாட்டமி சார் எறந்து போயிட்டாரு. பேட்ச் குரூப்ல சேதி வந்ததுலேர்ந்து மனசு காலேஜ் பக்கமே கெடக்கு. டிசெக்‌ஷன் ஹாலு, ஃபார்மலின் நெடி, ஸ்பாட்டர் பரீட்சை பெல்லு, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. எனக்கு எழுதத் தோணுறது அவரு உள்காது பாடம் எடுத்த அந்த மத்தியானம்தான்.

காதுப்பக்கத்து டெம்போரல் எலும்பக் கையில குடுத்து, "தட்டிப் பாருங்கய்யா, இம்புட்டு கெட்டியான எலும்புக்குள்ளதான் அம்புட்டு மெல்லிசான சவ்வு இருக்கு"ன்னாரு. அப்புறம் உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்குற காக்ளியாவோட குறுக்குவெட்ட போர்டுல போட்டாரு. அதோட மேல் அறையையும் நடு அறையையும் பிரிக்கிற ரெய்ஸ்னர் சவ்வு மொத்தமே ரெண்டு அடுக்கு செல்லு, அத வரையறதுக்கு மட்டும் சாக்பீஸ ஒடச்சு தரையில தேச்சு முனையக் கூராக்கிக்கிட்டாரு. கீழ பேசிலார் சவ்வு, அதுமேல கார்ட்டி உறுப்பு, அதுல வரிசையா சத்தத்த நரம்புக்குச் சொல்ற ஹேர் செல்லு, அதுக்கும் மேல டெக்டோரியல் சவ்வு. நடு அறையில பொட்டாசியம் நெறஞ்ச எண்டோலிம்ஃப்ங்கிற திரவம், மேல அறையில சோடியம் நெறஞ்ச பெரிலிம்ஃப்ங்கிற திரவம், ரெண்டும் கலக்காமப் பாத்துக்கிறது அந்த ரெய்ஸ்னர் சவ்வு.

பேசிலார் சவ்வுக்கு வந்தப்ப சாருக்குக் குரலே மாறிருச்சு. சுமார் 35 மில்லிமீட்டர் நீளம், நடுக்காதுலேர்ந்து சத்தம் உள்ள வர்ற ஓவல் ஜன்னல் கிட்ட குறுகலா விறைப்பா இருக்கும், சுருளோட உச்சிக்குப் போகப்போக அகலமாகித் தளர்ந்துரும். சித்திரைத் திருவிழாவுல மாசி வீதியில நிக்கிறீங்க, நாதஸ்வரத்தோட மேல் ஸ்தாயிக்கு ஜன்னல் பக்கம் அதிருது, தவிலோட கனத்த அடிக்கு உச்சிப்பக்கம் அதிருது, எல்லாம் ஒண்ணா உள்ள வந்தாலும் சவ்வு பிரிச்சுக் குடுத்துருதுன்னாரு. இறந்தவங்க காதுல சவ்வுல ஓடுற இந்த அலையப் பாத்துச் சொன்ன பெக்கசிங்கிற விஞ்ஞானிக்கு 1961ல நோபல் குடுத்தாங்க.

அதோட விடல. மறுநாள் ஈஎன்டி ஓபிக்குக் கூட்டிட்டுப் போயி, காலமெல்லாம் தறி சத்தத்துல நின்ன ஒரு மில்லுத் தொழிலாளியக் காட்டுனாரு. "சத்தம் கேக்குது தம்பி, பேச்சுதான் வெளங்கல"ன்னாரு அந்தப் பெரியவரு. காது எவ்வளவு கேக்குதுன்னு காட்டுற ஆடியோகிராம்ல 4000 ஹெர்ட்ஸ் கிட்ட கோடு பள்ளமா எறங்கியிருந்துச்சு. ஜன்னல் பக்கத்து ஹேர் செல்லு செத்துப்போச்சு, மனுசனுக்கு அது மறுபடி மொளைக்காது. எங்கப்பாவும் மில்லுலதான்யா இருந்தாருன்னு மட்டும் சொல்லிட்டு சார் அவரு தோள்ல கைய வச்சாரு. நான் ஈஎன்டி எடுத்ததுக்கு வேற காரணமே இல்ல.

இப்ப பர்மிங்காம்ல தூங்குற பச்சப்புள்ள காது கேக்குதான்னு தெரிஞ்சுக்க அதோட காதுல ப்ரோப் வச்சு, ஹேர் செல்லு திருப்பி அனுப்புற எதிரொலியப் பாக்குறேன், கெம்ப்ங்கிற விஞ்ஞானி 1978ல கண்டுபிடிச்சது. ஒவ்வொரு தடவையும் இத சார் பாக்கணுமேன்னு தோணும். படிச்சு முடிச்சதும் திரும்பிருவேன்னு அவருகிட்ட சொல்லிட்டுத்தான் பிளேன் ஏறுனேன், அப்புறம் வேலை, புள்ளைங்க ஸ்கூலு, வீட்டு லோனுன்னு இங்கயே வேர் விட்டாச்சு. எங்கிட்ட காது காட்டிக்கிற எத்தனையோ பேருல நம்ம ஊரு மில்லுக்காரரு ஒருத்தரும் இல்ல, அது உறுத்திக்கிட்டே இருக்கு.

அடுத்த ரீயூனியனுக்கு மதுரையில கூடுறப்ப தறி, மில்லு ஆளுங்களுக்கு சார் பேர்ல ஒரு கேம்ப் போடுவோம், ஆடியோகிராம் எடுத்து, காதுக்கு இயர்பிளக்கும் கையோட குடுத்து அனுப்பலாம். ஆடியோமீட்டர் செலவு என்னோடது. கூட நிக்கிறவங்க நம்ம பழைய மாணவர் சங்கத்துக்குப் பேரு குடுங்க.