ஓர் ஆய்வு, இரண்டு தீர்ப்புகள்: கல்லீரல் புற்றுநோயும் நிவோலுமாபும்

கல்லீரல் புற்றுநோய் முற்றிய ஒருவரிடம், "புதிய மருந்து ஒன்று ஆய்வில் இருக்கிறது, சேர விருப்பமா?" என்று மருத்துவர் கேட்டால், வீட்டாரின் மனத்தில் தங்குவது பெரும்பாலும் "புதிய மருந்து" என்பது மட்டும்தான். மருந்தாய்வுப் புள்ளிவிவரங்களோடு வேலை பார்ப்பவள் என்பதால், தெரிந்தவர்கள் ஒப்புதல் படிவத்தை எனக்கு அனுப்பி, "இதில் குணமாகுமா?" என்று கேட்பதுண்டு. முதற்கட்ட ஆய்வு அந்தக் கேள்விக்கு விடை தேடி நடத்தப்படுவதில்லை. மருந்தை எந்த அளவுவரை உடல் தாங்கும், எந்த அளவில் தீங்கு தொடங்கும் என்பவைதான் அதன் கேள்விகள்.

வழக்கமான முறை இதுதான். முதல் மூவருக்கு மிகக் குறைந்த அளவு கொடுத்துச் சில வாரங்கள் கவனிப்பார்கள். ஒருவருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு அளவு கூடும். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். இருவருக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் போக மாட்டார்கள். ஆகவே, எப்போது சேருகிறோம் என்பதைப் பொறுத்தே கிடைக்கும் மருந்தின் அளவும் அமையும். புற்றுநோயை எதிர்க்க உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் மருந்தைக் கல்லீரல் புற்றுநோயில் சோதித்த செக்மேட் 040 ஆய்வில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் முதல் 10 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு தேர்ந்தெடுத்த அளவு 3 மில்லிகிராம். அப்படியென்றால் தொடக்க அளவில் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது அதில் முப்பதில் ஒரு பங்கு.

கல்லீரலைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நோயாளிக்குப் பெரும்பாலும் இரண்டு நோய்கள்: புற்றுநோய் ஒன்று, அதற்கு முன்பே வந்துவிட்ட கல்லீரல் சுருக்கம் மற்றொன்று. ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் திடீரென்று உயர்ந்தால், அது மருந்தின் வேலையா, கட்டி வளர்ந்ததாலா, ஹெபடைடிஸ் பி வைரஸ் மீண்டும் தலைதூக்கியதாலா என்று பிரித்தறிவது எளிதன்று. அதனால்தான் செக்மேட் 040 ஆய்வில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள், சி உள்ளவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் எனத் தனித்தனிக் குழுக்களாகச் சேர்த்தார்கள்; பி உள்ளவர்கள் வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுத்துக்கொண்டு, வைரஸ் எண்ணிக்கையைக் குறைத்த நிலையில் மட்டுமே சேர முடிந்தது.

ஆய்வில் இடம் கிடைக்காதவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம், கல்லீரல் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று காட்டும் சைல்ட்-பியூ மதிப்பெண். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் வேகம், வயிற்றில் கோத்த நீர், மூளைக் குழப்பம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். ஐந்தும் ஆறும் ஏ பிரிவு. ஏழு முதல் ஒன்பது வரை பி. மற்ற மூன்றும் சரியாக இருக்கும் ஒருவருக்கு ஆல்புமின் 3.3 என்றால் ஒரு மதிப்பெண் கூடுகிறது. ஸ்கேனில் சிறிதளவு நீர் தெரிந்தால் இன்னொன்று. மொத்தம் ஏழு. காலையில் நடைப்பயிற்சி போய்வந்த மனிதர், ஏ பிரிவை மட்டும் ஏற்கும் ஆய்வுகளுக்கு அன்று மாலையே தகுதியற்றவர் ஆகிவிடுகிறார். இது கொடுமையாகத் தோன்றினாலும் காரணமில்லாமல் இல்லை: பழுதான கல்லீரல் தானாகவே செயலிழந்தால், பழி மருந்தின் மேல் விழும்; ஆய்வும் குழம்பும்.

சரி, செக்மேட் 040 என்ன சொன்னது? அளவைக் கூட்டிப் பார்த்த பகுதியில் 48 பேர், தேர்ந்த அளவை விரிவாகச் சோதித்த பகுதியில் 214 பேர். இரண்டாம் பகுதியில் 20 சதவீதம் பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. 2017இல் இம்முடிவுகள் லான்செட் இதழில் வந்தன; அதே ஆண்டு செப்டம்பரில், அதுவரை வழக்கமாகத் தரப்பட்ட சொராஃபெனிப் மருந்தை எடுத்தும் பலனில்லாதவர்களுக்கு நிவோலுமாபைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விரைவு அனுமதி அளித்தது. அதைப் பின்னால் நடக்கும் பெரிய ஆய்வு உறுதிப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

அந்த உறுதி கிடைக்கவில்லை. 743 பேரைச் சேர்த்து, முதல் மருந்தாகவே நிவோலுமாபை சொராஃபெனிபோடு ஒப்பிட்ட செக்மேட் 459 ஆய்வில், இடைநிலை ஆயுள் (அதாவது, பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) முறையே 16.4 மாதமும் 14.7 மாதமுமாக வந்தது. வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதை மறுக்கும் அளவுக்கு அது பெரிதாக இல்லை. 2021இல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. சொராஃபெனிப் பக்கம் இருந்த சிலர் பிற்பாடு வேறு எதிர்ப்பாற்றல் மருந்துகளுக்கு மாறியதால் வேறுபாடு மங்கியிருக்கலாம் என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் முன்பே வகுத்த விதியை முடிவு தெரிந்தபின் தளர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

கட்டி சுருங்குவதை வைத்து ஆயுளைக் கணிக்கும் பழக்கம் எதிர்த்திசையிலும் ஏமாற்றியிருக்கிறது. சொராஃபெனிபின் இரண்டாம் கட்ட ஆய்வில் 137 பேரில் மூவருக்கு மட்டுமே கட்டி போதுமான அளவு சுருங்கியது. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் மருந்தைக் கைகழுவியிருப்பார்கள். 2008இல் வெளியான ஷார்ப் ஆய்வில் 602 பேரிடம் அது இடைநிலை ஆயுளை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதத்திற்கு உயர்த்தி, முற்றிய நிலைக்கு வழக்கமாகத் தரப்படும் முதல் மருந்தாயிற்று.

செக்மேட் 040இன் கதை இன்னும் முடியவில்லை. அதன் மற்றொரு பிரிவில் நிவோலுமாபோடு இபிலிமுமாப் என்ற இன்னோர் எதிர்ப்பாற்றல் மருந்தையும் சேர்த்து, 148 பேரை மூன்று அளவு முறைகளில் பிரித்துப் பார்த்தார்கள். இபிலிமுமாபைக் கூடுதலாகக் கொடுத்த முறையில் கட்டி சுருங்கியவர்கள் 32 சதவீதம். பக்கவிளைவும் அதில்தான் அதிகம். அந்த அளவையே எடுத்துக்கொண்டு நடத்திய செக்மேட் 9டிடபிள்யூ ஆய்வில் இடைநிலை ஆயுள் 23.7 மாதம், ஒப்பீட்டுக் குழுவில் 20.6. 2025இல் இந்த இணைக்கு முழு அனுமதி கிடைத்தது. ஒரே ஆய்வில் பிறந்த இரண்டு நம்பிக்கைகளில் ஒன்று வீழ்ந்தது, ஒன்று நின்றது. எது எதுவாகும் என்பதை முதற்கட்ட எண்களைப் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே படிவம் கைக்கு வரும்போது, குணமாகும் விகிதத்தை நான் தேடுவதில்லை. இவருக்கு வரப்போவது எத்தனையாவது அளவுப் படி, அந்த அளவில் ஏற்கெனவே எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் பார்ப்பேன். அடுத்து, அட்டெசொலிசுமாப்-பெவாசிசுமாப் போன்ற, ஏற்கெனவே பயன் நிறுவப்பட்ட சிகிச்சை எதையாவது இந்த ஆய்வுக்காக இவர் தள்ளிப்போட வேண்டியிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன். பிறகுதான் வருகை அட்டவணை. மருந்து ஏறும் முதல் நாளில் கையில் ஊசிக்குழாயைச் செருகிவைத்து, மருந்துக்கு முன்பும் அதன்பின் மணிக்கணக்கு வைத்தும் பலமுறை ரத்தம் எடுப்பார்கள். மறுநாளும் வரச் சொல்லலாம். வெளியூரிலிருந்து வருபவர்கள் தங்குமிடத்தையும் பயணச் செலவையும் யார் ஏற்பார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.