மெக்ரிட்சிக் காட்டின் குழிவிரியன்

விரியன் என்றதும் நம்மில் பலருக்கு, வயல்வரப்பில் சருகோடு சருகாகக் கிடக்கும் கண்ணாடி விரியன்தான் நினைவுக்கு வரும். சிங்கப்பூர்க் காடுகளில் வாழும் வாக்லர் குழிவிரியனோ பெரும்பாலும் மரத்திலேயே காலம் கழிப்பது. மெக்ரிட்சி நடைபாதையின் ஓரத்தில், கைக்கெட்டும் உயரத்துக் கிளையில் அது சுருண்டிருக்க, அதை அறியாமலேயே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கடந்துபோவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதிர்ந்த பெண் பாம்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும். கறுத்த உடலில் மஞ்சள் பட்டைகள் குறுக்கே ஓடும். கழுத்து மெலிந்திருப்பதால் முக்கோணத் தலை இன்னும் அகன்று தெரியும். ஆண் பாம்பையும் குட்டிகளையும் பார்ப்பவர்கள், இவை வேறு இனம் என்றே சாதிப்பார்கள். மெலிந்த பச்சை உடலும், கண்ணின் ஊடே பின்னோக்கி ஓடும் செவ்வெள்ளைக் கோடுமாக அவை இலைகளோடு கலந்துவிடும். இந்த இனத்தில் முட்டையிடும் வழக்கமில்லை. தாய் உயிருள்ள குட்டிகளையே ஈனும்.

என்னை மிகவும் ஈர்ப்பது அதன் அசையாமைதான். ஒரே கிளையில் நாள்கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். பினாங்கில் பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் இதே பாம்புகள் கிடப்பதைக் கண்டவர்கள், ஊதுவத்திப் புகையில் அவை மயங்கிக் கிடப்பதாகச் சொல்வதுண்டு. புகையே இல்லாத மெக்ரிட்சியிலும் பகலில் அவை அப்படித்தான் இருக்கின்றன. இரையைத் துரத்தாமல், அது அருகே வரும்வரை காத்திருந்து பிடிப்பதே அதன் வேட்டைமுறை. கண்ணுக்கும் நாசித்துளைக்கும் இடையிலுள்ள குழி, பறவை அல்லது எலியின் உடல்வெப்பத்தை இருட்டிலும் உணர்ந்துகொள்ளும். பாய்ந்து கடிக்கும்போது வால் கிளையை இறுகப் பற்றியிருக்கும்.

அதன் நஞ்சில் வாக்லெரின் என்னும் சிறு புரதக்கூறுகள் உள்ளன. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை அவை தடுப்பதால் சிற்றுயிர்கள் விரைவில் செயலிழக்கின்றன. முகச்சுருக்கம் குறைக்கும் சில களிம்புகளில் சேர்க்கப்படும் ஒரு செயற்கைப் பொருள், இந்த வாக்லெரினைப் பார்த்து உருவாக்கப்பட்டதே.

இவ்வளவு அமைதியான பாம்பைப் புகைப்படம் எடுப்பதற்காகக் குச்சியால் தட்டி எழுப்புகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "செத்துப்போச்சா அங்கிள்?" என்று ஒரு சிறுவன் கேட்டபோது, அது இரைக்காகக் காத்திருக்கிறது என்றேன், உடனே தன் தங்கையையும் இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அந்தப் பிள்ளைக்கு இருந்த பக்குவம் பெரியவர்களுக்கும் வேண்டும். தொல்லை தராத வரை இந்தப் பாம்பு கடிப்பது அரிது. கடித்துவிட்டால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும். அப்போது கடிவாயைக் கீறவோ இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995-ஐ அழைத்து, எங்கே நிற்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.