மூன்று கொப்பிகளுக்கும் பொதுவான ஒரு மூலக்கூறு

நாங்கள் படித்த காலத்தில் பௌதிகத்துக்கு ஒரு கொப்பி, இரசாயனத்துக்கு ஒன்று, உயிரியலுக்கு இன்னொன்று. ஓர் ஆசிரியரின் பாடத்தை மற்றவர் தொடவே மாட்டார். அப்போது கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரு கதை சொல்வார்கள், உங்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும்: உயிரியல் கடைசியில் இரசாயனம்தான், இரசாயனம் கடைசியில் பௌதிகம்தான், ஆகவே பௌதிகம் தெரிந்தால் போதும். அதற்கு எங்கள் உயிரியல் ரீச்சர் பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் புரதமான ஈமோகுளோபினைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, "இதில எது யாற்ற பாடம் எண்டு பிரிச்சுக் காட்டுங்கோ பாப்பம்" என்றார்.

அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் விடவில்லை.

ஈமோகுளோபினில் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஒட்சிசன் இல்லாதபோது ஒவ்வோர் இரும்பும் தன்னைச் சுற்றியுள்ள வளையத்தின் தளத்திலிருந்து ஏறத்தாழ 0.04 நானோமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். ஒட்சிசன் வந்து பிணைந்ததும் இலத்திரன்களின் ஒழுங்கு மாறி, இரும்பு சற்றுச் சுருங்கி வளையத்தின் தளத்துக்கு வந்துவிடும், வரும்போது தன்னோடு பிணைந்த புரதச் சங்கிலியையும் இழுக்கும், அந்த இழுவை மற்றப் பகுதிகளுக்கும் போய்ச் சேர, அவை அடுத்த ஒட்சிசனை முன்னையைவிட இலகுவாகப் பிடிக்கும். இலத்திரன் பௌதிகம், பிணைப்பு இரசாயனம் என்று வைத்துக்கொள்வோம். சரி, நுரையீரலில் நிறையப் பிடித்து, தசையில் நிறைய விடுகிறதே, அது? நுரையீரலும் தசையும் உள்ள ஓர் உடல் இருந்தால்தான் அந்த இழுவைக்கு ஒரு வேலையே இருக்கிறது.

இதன் கட்டமைப்பைக் கண்டறிந்த மக்ஸ் பெருட்ஸ், குதிரையின் ஈமோகுளோபினைக் கேம்பிரிட்ஜில் ஒரு பௌதிக ஆய்வுகூடத்தில் வைத்து எக்ஸ் கதிரால் ஆராய்ந்தவர். 1962இல் அவருக்குக் கிடைத்தது இரசாயனத்துக்கான நோபல் பரிசு.

இன்னும் நெருங்கிப் பார்க்க அரிவாட்கலச் சோகை என்ற பரம்பரை இரத்த நோயை எடுங்கள். ஈமோகுளோபினின் பீற்றா என்ற புரதச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுத்தாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வலீன் என்ற இன்னோர் அமினோ அமிலம் வந்துவிடுகிறது, அதாவது மின்னேற்றமுள்ள ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் நீருடன் சேராத ஒன்று. ஒட்சிசனை விட்டதும் இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீண்ட விறைப்பான நார்களாகி, செங்குழியத்தையே வளைத்துவிடும். 1949இல் லைனஸ் போலிங்கின் குழு இந்த ஈமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதைக் காட்டியது, 1957இல் வேர்னன் இங்கிரம் அந்த ஓர் அமினோ அமில மாற்றத்தைக் கண்டுபிடித்தார்.

அப்படியானால் இவ்வளவு கெடுதல் செய்யும் மரபணு ஏன் அழிந்துபோகவில்லை? மூலக்கூறை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இதற்கு விடை அதற்குள் கிடைக்காது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அதைப் பெற்ற பிள்ளைகளுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைப்பதை அந்தனி அலிசன் 1954இல் காட்டினார். விடை நுளம்பிலும் ஒட்டுண்ணியிலும், தலைமுறை தலைமுறையாக எந்தப் பிள்ளைகள் பிழைத்தன என்பதிலும் கிடக்கிறது. இதில் எந்தப் பௌதிக விதியும் மீறப்படவில்லை, ஆனால் அந்த விதிகளை மட்டும் கையில் வைத்திருப்பவரால் இந்த வரலாற்றை ஊகிக்கவும் முடியாது.

இதைப் பௌதிகக்காரரே சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் எளிய அடிப்படை விதிகளாகக் குறுக்க முடிவதால், அந்த விதிகளிலிருந்து தொடங்கி உலகத்தைக் கட்டியெழுப்ப முடியும் என்று ஆகாது என 1972இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய பிலிப் அண்டர்சன், ஐந்து வருடம் கழித்துப் பௌதிகத்துக்கே நோபல் வாங்கினார். என்னைக் கேட்டால், மூன்று பாடங்களையும் ஒன்றாக்க ஒரே பொருளை மூன்று பேரும் சேர்ந்து பார்த்தால் போதும், யாரும் யாரையும் விழுங்க வேண்டியதில்லை.

அதனால் எங்கள் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுகூடத்துக்குப் பொருட்கள் வாங்கிக் கொடுக்கிறோம், நல்லது, அதோடு உயர்வகுப்பில் ஒரு கிழமையாவது மூன்று ஆசிரியர்களும் ஒரே வகுப்பறையில் நின்று ஈமோகுளோபினை மட்டும் படிப்பிக்க ஒழுங்கு செய்வோம். எக்ஸ் கதிரில் தொடங்கி மலேரியா வரை போகலாம், பிள்ளைகள் கேட்கும் எந்தக் கேள்வியையும் "அது என்ற பாடமில்லை" என்று ஒருவரும் திருப்பி அனுப்பக்கூடாது. பாடக்குறிப்பை எழுதித்தர நான் தயார், கூடச் சேர விரும்புபவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.